பார்த்ததெல்லாம் டைகர்!
வாசகர் கேள்வி – பதில்

இரண்டாம் உலகப் போர்க்கால உளவு அறிக்கைகளைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்ததும் குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்: அறிக்கையில் இருக்கும் டாங்கிப் பெயரை நம்பலாமா? பலர் கேட்டதை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

நார்மண்டியில் 1944-இல் போரிட்ட அமெரிக்கப் படைகளின் நாட்குறிப்புகளைப் படித்தேன். ஊருக்கு ஊர் டைகர் டாங்கி வருகிறது. ஜெர்மனியிடம் அவ்வளவு டைகர் இருந்ததா?
– வாசகர், மதுரை

இல்லை. போர் முடியும்வரை ஜெர்மனி கட்டிய டைகர்-1 மொத்தம் சுமார் 1,350. பான்சர்-4 டாங்கியோ 8,000-க்கு மேல்; பாந்தர் ஏறத்தாழ 6,000. நார்மண்டிக்கு வந்தவை மூன்று டைகர் பட்டாலியன்கள்: நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்.எஸ்.ஸின் 101, 102, தரைப்படையின் 503. பட்டாலியனுக்கு 45 வண்டி என்பது ஏட்டுக் கணக்கு. மூன்றும் முழு பலத்தோடு நின்றிருந்தாலும் 135தான். அவையும் கான் நகரைச் சுற்றி, பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்கு எதிரேதான் பெரும்பாலும் இருந்தன. மேற்கே அமெரிக்கர்கள் முட்டி மோதிய புதர்வேலிப் பகுதியில் டைகர் மிக அபூர்வம்.

அப்படியானால் அவர்கள் பார்த்தது என்ன? பெரும்பாலும் பான்சர்-4. இதில் சிப்பாயின் பயம் ஒரு பங்கு என்றால், வண்டியின் உருவம் இன்னொரு பங்கு. 1943-இலிருந்து பான்சர்-4-இன் டரெட்டை (குழலோடு சுழலும் மேற்கூண்டை) சுற்றி 8 மி.மீ. தகடும், உடலின் இருபக்கமும் 5 மி.மீ. தகடும் மாட்டினார்கள். அந்தத் தகடு டரெட்டைப் பெருக்கிக் காட்டும். பின்புறம் வளைந்து, டைகரின் குதிரைலாட வடிவ டரெட் போலவே தெரியும். பக்கத் தகடு சக்கரங்களையும் பாதி மறைத்துவிடும். நீண்ட குழல், நுனியில் சுடும்போது பின்னுதைப்பைக் குறைக்கும் தடித்த மஸில் பிரேக். 400 மீட்டர் தள்ளி, வேலி இடுக்கில், இரண்டு வினாடி பார்த்தவன் கண்ணில் மிஞ்சுவது பெட்டி உடலும் பெருத்த தலையும் நீண்ட குழலும்தான். மூன்றும் டைகருக்கும் பொருந்தும். டைகர் 57 டன், பான்சர்-4 25 டன். ஆனால் எடை கண்ணுக்குத் தெரியாது.

இதற்காக அறிக்கையில் உள்ள எல்லா ‘டைகரை’யும் தவறென்று தள்ளிவிடாதீர்கள். 1943 ஜூலையில் சிசிலியில் 504-ஆம் பட்டாலியனின் 17 டைகர்கள் இருந்தன. கேலா கடற்கரைப் பகுதியில் அமெரிக்கர்கள் சந்தித்தவை நிஜ டைகர்கள். 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டில் ஜெர்மன் அதிகாரி பைப்பரின் படையோடு வந்த டைகர்-2-களும் நிஜம். அவற்றில் ஒன்று லா க்ளேஸ் ஊரில் இன்றும் நிற்கிறது. பெயரைப் பார்க்காதீர்கள். தேதியைப் பாருங்கள், இடத்தைப் பாருங்கள், எதிரே எந்தப் பிரிவு நின்றது என்று பாருங்கள். டைகர்கள் தனிப் பட்டாலியன்களாகத்தான் பெரும்பாலும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அந்த வாரம் அந்த வட்டாரத்தில் டைகர் பட்டாலியன் எதுவும் இல்லையென்றால், அறிக்கை எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அது வேறு வண்டிதான்.

டாங்கியையே பார்க்காமல், விட்டுப்போன தடயத்தை வைத்து எது வந்தது என்று சொல்ல முடியுமா? உளவுப் பிரிவினர் எப்படிச் செய்தார்கள்?
– வாசகர், திருச்சி

முடியும். நேரில் பார்த்தவன் வாக்கைவிடத் தடயம் பல நேரம் நம்பகமானது. மூன்று தடயங்கள் முக்கியம்: தரையில் பதிந்த செயின் தடம், சுட்டுப்போட்ட ஷெல் உறை, கைப்பற்றிய வண்டியில் உள்ள எண் தகடு.

தடத்தில் முதலில் அகலத்தை அளக்க வேண்டும். பான்சர்-3, பான்சர்-4, ஸ்டுக்-3 (பான்சர்-3 உடலில் கட்டிய, டரெட் இல்லாத பீரங்கி வண்டி) மூன்றுக்கும் செயின் அகலம் 400 மி.மீ. (பழைய வண்டிகளில் 380). பாந்தர் 660. டைகர்-1 725. டைகர்-2 800. நேச நாடுகளின் சொந்த ஷெர்மன் டாங்கித் தடத்தை எதிரியுடையது என்று அளந்துவிடக் கூடாது. அது சுமார் 420, ஆகவே பான்சர்-4-உடன் குழம்பும். அகலத்தோடு நிறுத்தாமல் செயின் கட்டைகளின் அச்சுப் பதிவையும் வரைந்து அனுப்பச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

சேற்றில் தடத்தின் ஓரம் சரிந்து அகலம் கூடிவிடும். அதனால் இடது தடத்தின் நடுவிலிருந்து வலது தடத்தின் நடுவரை அளப்பது மேல். ஓரம் எப்படிச் சரிந்தாலும் நடு அவ்வளவாக நகராது. டைகர்-1-க்கு அது 2.8 மீட்டர், பாந்தருக்கு 2.6, பான்சர்-4-க்கு 2.4 அளவில் வரும். வண்டி நேராக ஓடிய இடத்தில் அளக்க வேண்டும். திருப்பத்தில் செயின் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகும், அங்கே எடுத்த அளவு எதற்கும் உதவாது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 520 மி.மீ. தடம் கிடைத்தால் ‘புதிய வகை’ என்று எழுதிவிடக் கூடாது. டைகர்-1-ஐ ரயிலில் ஏற்றும்போது அகலம் மிஞ்சும் என்பதால் வெளிச்சக்கரங்களைக் கழற்றிவிட்டு 520 மி.மீ. செயினை மாட்டுவார்கள். இறக்கிய இடத்திலிருந்து செயின் மாற்றும் இடம்வரை அந்தக் குறுகிய தடம் விழும்.

அடுத்து ஷெல் உறை. ‘88 சுட்டது’ என்று அறிக்கை சொன்னால் உறையின் நீளத்தைக் கேளுங்கள். 75 மி.மீ. உறை 495 மி.மீ. நீளம் என்றால் பெரும்பாலும் பான்சர்-4 அல்லது ஸ்டுக்-3. இரண்டும் ஒரே உறையைத்தான் போட்டன, உறையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. 640 என்றால் பாந்தர், அல்லது பின்னாளில் அதே குழல் பொருத்திய டரெட் இல்லாத வேட்டை டாங்கி. 714 என்றால் அது டாங்கியே இல்லை. பாக்-40 என்ற இழுத்துச் செல்லும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி, அல்லது அதைச் சுமந்த மார்டர் வண்டி. 88 மி.மீ.யில் 571 நீளம் என்றால் டைகர்-1 அல்லது புகழ்பெற்ற விமான எதிர்ப்புப் பீரங்கி. 822 என்றால் டைகர்-2, டரெட் இல்லாத வேட்டை வண்டிகளான ஃபெர்டினாண்ட், நாஸ்ஹோர்ன், யாக்ட்பாந்தர், இழுத்துச் செல்லும் பாக்-43 பீரங்கி ஆகியவற்றில் ஒன்று.

571-இல் டைகரா, விமான எதிர்ப்புப் பீரங்கியா? உறையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். டாங்கிக்குழல் மின்சாரத்தால் பற்றவைக்கும். தரையில் நிற்கும் பீரங்கி ஊசியால் குத்திப் பற்றவைக்கும். பிரைமரின் (உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் குமிழின்) நடுவில் ஊசி குத்திய ஆழமான பள்ளம் இருந்தால் அங்கே டைகர் இல்லை. ‘டைகர்’ அறிக்கையைத் தள்ளிவிட இந்த ஒரு பள்ளம் போதும்.

தகட்டில் விழுந்த துளையை அளந்து ‘88’ என்று எழுதியவர்களும் உண்டு. சாய்வாகப் பட்ட குண்டு நீள்வட்டத் துளை போடும். அதன் குறுகிய அகலத்தைத்தான் எடுக்க வேண்டும். நீண்ட பக்கத்தை எடுத்தால் 75 எல்லாம் 88 ஆகிவிடும்.

மூன்றாவது, எண் தகடு. கைப்பற்றிய வண்டியின் சேசிஸ் (அடிச்சட்ட) எண் பொய் சொல்லாது. டைகர்-1 வரிசை 250001-இல் தொடங்குகிறது, டைகர்-2 வரிசை 280001-இல். துனிசியாவில் 1943 ஏப்ரலில் பிரிட்டிஷார் பிடித்து, இப்போது இங்கிலாந்தின் பவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் டைகர் 131-இன் சேசிஸ் எண் 250112. டரெட்டில் பெரிதாக எழுதியிருக்கும் 131 என்பது கம்பெனி, பிளட்டூன், வண்டி வரிசையைக் குறிக்கும் எண். ‘131-ஆவது டைகர்’ என்று எழுதுவது தவறு.

1940-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் ஜெர்மனியின் ‘மார்க் 5’, ‘மார்க் 6’ கனரக டாங்கிகள் என்று வருகிறது. பாந்தரும் டைகரும் அப்போது இல்லையே. தேதி தவறா?
– வாசகர், யாழ்ப்பாணம்

தேதி சரி. வண்டிதான் வேறு. 1930-களில் ஜெர்மனி ‘நாய்பாவ்ஃபார்ட்சாய்க்’ என்ற பல டரெட் டாங்கியை ஐந்தே ஐந்து செய்து பார்த்தது. இரண்டு சாதாரண எஃகில், மூன்று கவச எஃகில். பெரிய டரெட்டில் 75 மி.மீ. குறுங்குழலும் அதோடு ஒரு 37 மி.மீ. குழலும், முன்னும் பின்னும் எந்திரத் துப்பாக்கிக்கான சின்ன டரெட்டுகள். எடை 23 டன். 1940 ஏப்ரலில் மூன்றையும் நார்வேக்குக் கப்பலில் அனுப்பினார்கள். ஆஸ்லோ தெருக்களில் ஓட்டிக் காட்டினார்கள், படம் எடுத்தார்கள், பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். மூன்று வண்டியை வைத்துக்கொண்டு ஒரு கனரகப் படையே இருப்பதுபோல் காட்டிய விளம்பரம் அது.

அந்தப் படங்கள் நேச நாடுகளின் கையேடுகளில் ஏறின. பான்சர் 1 முதல் 4 வரை ஏற்கெனவே தெரியும், ஆகவே இவை 5-உம் 6-உம். இரண்டு குழலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் ரைன்மெட்டல் நிறுவனத்தின் டரெட், பக்கம் பக்கமாக இருந்தால் க்ரூப் நிறுவனத்தின் டரெட். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் இரண்டு எண்கள். பிறகு 1942-இல் டைகரும் 1943-இல் பாந்தரும் வந்தபோது அதே 6-உம் 5-உம் அவற்றுக்குப் போயின. எனவே ‘மார்க் 6’ என்றால் 1942 கோடைக்கு முன் பல டரெட் வண்டி, பின்னால் டைகர். அந்தக் கோடையை ஒட்டிய மாதங்களின் அறிக்கையில் மார்க் 6-க்குப் பக்கத்தில் என்ன குழல் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: 75 என்றால் பழையது, 88 என்றால் டைகர்.

38(டி) என்பது 38 டன் டாங்கியா?
– வாசகர், சேலம்

இல்லை, அது பத்து டன்கூட இல்லை. 38 என்பது 1938. அடைப்புக்குறிக்குள் உள்ள எழுத்து செக் நாட்டுத் தயாரிப்பு என்பதற்கான ஜெர்மன் சுருக்கம். பிராகில் செய்த, 37 மி.மீ. குழல் கொண்ட இலகு டாங்கி. 35(டி)-யும் அப்படியே, அது ஸ்கோடா தயாரிப்பு.

வட ஆப்பிரிக்கப் போர் அறிக்கைகளில் ‘மார்க் 3 ஸ்பெஷல்’, ‘மார்க் 4 ஸ்பெஷல்’ என்று வருகிறது. ஜெர்மன் பட்டியல் எதிலும் அந்தப் பெயர் இல்லை. எப்படி ஒப்பிடுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

‘ஸ்பெஷல்’ பிரிட்டிஷார் வைத்த பெயர். நீண்ட குழல் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. லிபியாவில் 1942 மே மாதம் நடந்த கசாலா சண்டையை ஒட்டி இவை பாலைவனத்தில் தென்பட ஆரம்பித்தன.

குழலின் நீளத்தை அதன் வாய் அளவின் மடங்காகச் சொல்வது வழக்கம். பழைய பான்சர்-3-க்கு 50 மி.மீ. வாய், 42 மடங்கு, அதாவது 2.1 மீட்டர். ஸ்பெஷலுக்கு 60 மடங்கு, 3 மீட்டர். பான்சர்-4-இல் வித்தியாசம் இன்னும் கூடுதல்: பழைய குட்டைக் குழல் 75 மி.மீ., 24 மடங்கு, 1.8 மீட்டர். ஸ்பெஷலில் 43 மடங்கு, சுமார் 3.2 மீட்டர். குட்டைக் குழல் வண்டியின் முன்விளிம்பைத் தாண்டாது. நீண்டது தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்தே பிரிக்க முடிந்தது அதனால்தான்.

ஜெர்மன் பட்டியலில் மார்க் 3 ஸ்பெஷலை பான்சர்-3 ஜே வகையின் பிற்பகுதியிலும் அதற்குப் பின் வந்த வகைகளிலும் தேடுங்கள். ஜே என்று மட்டும் எழுதினால் போதாது. ஜே வகையில் குட்டைக் குழலும் உண்டு, நீளமும் உண்டு. மார்க் 4 ஸ்பெஷல் என்பது எஃப்-2. ஜெர்மானியர்களே 1942 நடுவில் எஃப்-2-ஐ ஜி என்று மாற்றி எழுதினார்கள். ஆகவே ஒரே வண்டி மூன்று பெயரில் வரலாம்; கூட்டும்போது மூன்று வண்டியாக எண்ணிவிடாதீர்கள்.

சக்கரத்தை எண்ணினால் 3-உம் 4-உம் குழம்பாது. பான்சர்-3-க்குப் பக்கத்துக்கு 6 ஓட்டச் சக்கரம், மேலே செயினைத் தாங்கும் உருளை 3. பான்சர்-4-க்குச் சின்னச் சக்கரம் 8, இரண்டிரண்டாகச் சேர்ந்தவை. மேல் உருளை 4. புழுதியில் கீழ்ச்சக்கரம் தெரியாதபோது மேல் உருளையை எண்ணினார்கள்.

சோவியத் அறிக்கைகளில் ‘ஃபெர்டினாண்ட்’ எண்ணிக்கை நம்பவே முடியவில்லை. குர்ஸ்க்குக்குப் பிறகு போர்முனை எங்கும் வருகிறதே?
– வாசகர், சென்னை

ஃபெர்டினாண்ட் கட்டப்பட்டது சுமார் 90. 1943 ஜூலையில் குர்ஸ்க் சண்டையின் வடபகுதியில் 653, 654 பட்டாலியன்களில் அனைத்தும் ஓரிடத்தில் இறங்கின. அந்த அதிர்ச்சியில் பெயர் பரவிவிட்டது. அதன்பின் டரெட் இல்லாமல் குழல் முன்னே நீட்டிய எந்த ஜெர்மன் வண்டியும் சோவியத் சிப்பாய்க்கு ஃபெர்டினாண்ட்தான்: ஸ்டுக், மார்டர், நாஸ்ஹோர்ன் எல்லாமே. மேற்கே டைகர் எப்படியோ, கிழக்கே இது அப்படி.

சரிபார்க்க எளிய வழி, வண்டியின் எந்த இடத்தில் கவச அறை இருக்கிறது என்று பார்ப்பது. ஃபெர்டினாண்டுக்கு அறை பின்பக்கம், மூடிய பெட்டி, பக்கத்துக்கு 6 பெரிய சக்கரம், மேல் உருளையே இல்லை. ஸ்டுக்-3-க்கு அறை நடுவே, உயரம் குறைவு, பான்சர்-3-இன் சக்கர அமைப்பு. நாஸ்ஹோர்னுக்கும் அறை பின்னால்தான், ஆனால் மேலே திறந்திருக்கும், சக்கரம் 8. சாட்சி ‘மேலே ஆள் தலை தெரிந்தது’ என்றால் அது ஃபெர்டினாண்ட் இல்லை.

தப்பியவற்றைத் திருத்தியமைத்து 1944-இல் ‘எலெஃபாண்ட்’ என்று பெயர் மாற்றினார்கள். அதில் 11 இத்தாலியில் அன்சியோ பக்கம் போயின. ‘ஹோர்னிஸ்ஸ’ என்ற வண்டிதான் ‘நாஸ்ஹோர்ன்’ ஆனது. அதே ஆண்டு பிப்ரவரியில் பாந்தருக்கு இருந்த 5 என்ற எண்ணை நீக்கும்படி ஹிட்லர் உத்தரவிட்டார். எதிரியே பெயரை மாற்றிக்கொண்டிருந்தால் உளவுக் கோப்பில் ஒரே வண்டிக்கு இரண்டு அட்டை விழத்தானே செய்யும்!

இத்தகைய அறிக்கைகளை மொழிபெயர்க்கிறேன். தவறான பெயர் என்று தெரிந்தால் திருத்தி எழுதலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

மூலத்தில் கை வைக்காதீர்கள். ‘டைகர்’ என்றிருந்தால் ஒற்றை மேற்கோளில் ‘டைகர்’ என்றே விட்டு, அடிக்குறிப்பில் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். அதில் மூன்று தரம் போதும். கைப்பற்றிய வண்டி, எண் தகடு, தெளிவான படம் இருந்தால் ‘உறுதி’. எதிரே இருந்த பிரிவின் வண்டிப் பட்டியலோடு ஒத்துவந்தால் ‘பெரும்பாலும்’. சாட்சியின் வர்ணனை மட்டும் என்றால் ‘கூடும்’.

ஆவணத்தில் ‘பி-3’, ‘ஏ-4’ போன்ற குறி இருந்தால் தவறாமல் மொழிபெயர்ப்பில் கொண்டுவாருங்கள். எழுத்து, தகவல் தந்தவரின் நம்பகத்தன்மை: ஏ முதல் எஃப் வரை. எண், தகவலின் நம்பகத்தன்மை: 1 முதல் 6 வரை. ‘ஏ-4’ என்றால் ஆள் நம்பகமானவர், ஆனால் அவர் சொன்ன இந்தச் சேதி சந்தேகத்துக்குரியது என்று பொருள். நல்ல அதிகாரி நல்லெண்ணத்தோடு டைகர் என்று எழுதி அனுப்பியதை மேலே இருந்தவர் எப்படி மதிப்பிட்டார் என்று அதில் தெரியும். பல மொழிபெயர்ப்பாளர்கள் இந்தக் குறியைத்தான் முதலில் உதிர்த்துவிடுகிறார்கள்.

சோவியத் டாங்கியான டி-34-ஐக் குறிக்கும் டி-34/76 என்ற பெயரிலும் கவனம் வேண்டும். 76-ஐச் சேர்த்து ஏ, பி, சி என்று வகை பிரித்தது ஜெர்மன் தரப்பு. சோவியத் ஆவணத்தை மொழிபெயர்க்கும்போது அதை நீங்களாக நுழைக்காதீர்கள்.

ஜெர்மன் டாங்கி உற்பத்தியை வரிசை எண்ணை வைத்தே கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, அது எப்படி?
– வாசகர், கும்பகோணம்

கிடைத்த எண்களில் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை, கிடைத்த வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை அதோடு கூட்டி, ஒன்றைக் கழியுங்கள். 5 வண்டி கிடைத்து, பெரிய எண் 60 என்றால் 60 + 12 – 1 = 71. வரிசை 1-இல் தொடங்கி இடைவெளி இல்லாமல் போகிறது என்பது நிபந்தனை. சேசிஸ் எண் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை தனி வரிசையாகத் தாவும். அதனால் கியர்பாக்ஸ் எண் கூடுதலாக உதவியது.

1942 ஆகஸ்ட் மாத உற்பத்தி 1,550 என்றது வழக்கமான உளவு மதிப்பீடு. எண் கணக்கு சொன்னது 327. போருக்குப் பின் ஜெர்மன் பதிவேட்டில் கண்டது 342. இரண்டே பாந்தர்களின் 64 சக்கரங்களிலிருந்த அச்சு எண்களை வைத்து 1944 பிப்ரவரிக்கு 270 என்று கணித்தார்கள், உண்மை 276. வண்டியின் பெயர் தவறினால் இந்தக் கணக்கும் தவறும். ஸ்டுக்-3-இன் எண்ணை பான்சர்-3 குவியலில் போட்டால் இரண்டு வரிசையும் கெடும்.

எதிரி வேண்டுமென்றே ஏமாற்றினால்? பிடிபட்ட டாங்கிகள் எந்தப் பெயரில் வரும்?
– வாசகர், ஈரோடு

1944 டிசம்பரில் ஆர்டென் தாக்குதலின்போது 150-ஆவது பான்சர் பிரிகேட் பாந்தர்களுக்கு மெல்லிய தகடு ஒட்டி, பச்சை வண்ணம் பூசி, வெள்ளை நட்சத்திரம் வரைந்து அமெரிக்காவின் டாங்கி வேட்டை வண்டியான எம்-10 போல ஆக்கியது. குழல் நுனியின் மஸில் பிரேக்கையும் டரெட் மேல் இருந்த தளபதிக் குமிழையும்கூடக் கழற்றினார்கள். மாற்ற முடியாதது சக்கரம். எம்-10-க்கு 6 சக்கரம், இரண்டிரண்டாக மூன்று சட்டத்தில் தனித்தனியாகத் தெரியும். பாந்தருக்குப் பெரிய சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

பிடித்த டாங்கிக்கு ஜெர்மனி எண்ணும் நாட்டெழுத்தும் கொடுத்தது. டி-34 அவர்களுக்கு 747(ஆர்), பிரெஞ்சு சோமுவா 739(எஃப்), பிரிட்டிஷ் மட்டில்டா 748(ஈ), அமெரிக்க ஷெர்மன் 748(ஏ). கடைசி இரண்டுக்கும் ஒரே எண் என்பதைப் பாருங்கள். எழுத்தை விட்டுவிட்டுப் படியெடுத்தால் மட்டில்டா ஷெர்மனாகிவிடும். ஜப்பானியர்களும் சும்மா இருக்கவில்லை: பர்மாவில் அவர்களுடைய 14-ஆவது டாங்கி ரெஜிமென்ட் பிடிபட்ட ஸ்டூவர்ட் டாங்கிகளை (நேச நாடுகளின் அமெரிக்கத் தயாரிப்பு இலகு டாங்கி) ஓட்டியது. 1944 இம்பால் முனை அறிக்கையில் ‘எதிரி ஸ்டூவர்ட்’ என்று கண்டால் எழுத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

ஜப்பானிய டாங்கிக்கு 97, 2597, 1937 என்று மூன்று எண்கள் வருகின்றன. எது சரி?
– வாசகர், கோலாலம்பூர்

மூன்றும் ஒன்றே. ஜப்பானிய ஆண்டுக் கணக்கு நம் ஆங்கில ஆண்டைவிட 660 கூடுதல். 1937 அவர்களுக்கு 2597. கடைசி இரண்டு இலக்கம் வகைப் பெயராயிற்று. அமெரிக்கக் கையேடுகள் சில 97 என்றும், சில 2597 என்றும், சில அடைப்பில் 1937 சேர்த்தும் அச்சிட்டன. 2601-இல், அதாவது 1941-இல் வந்தது ‘வகை 1’. எண் சிறியது என்பதால் 97-க்கு முந்தியது என்று அடுக்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

குட்டையான 57 மி.மீ. குழலோடு இருந்த 97-க்குப் பிறகு புது டரெட்டும் நீண்ட 47 மி.மீ. குழலும் வந்தன. அமெரிக்கர்கள் இதற்கும் ‘ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்தார்கள். வாய் சிறியதானாலும் கவசத்தைத் துளைப்பதில் புதியதே வலியது. ‘57-இலிருந்து 47-க்கு இறங்கிவிட்டார்கள்’ என்று எழுதிய வாசகர் கவனிக்கவும். 97-க்குப் பக்கத்துக்கு 6 சக்கரம், இலகு டாங்கியான 95-க்கு 4.

‘சி-ஹா’ என்பது ஜப்பானிய ராணுவத்தின் உள்பெயர். ‘சி’ நடுத்தர டாங்கி, ‘ஹா’ அவர்களுடைய பழைய எழுத்து வரிசையில் மூன்றாவது. இன்றைய நூல்களில் இதுதான் வழங்குகிறது. போர்க்கால நேச நாட்டு அறிக்கையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, வகை எண்ணை வைத்துத் தேடுங்கள்.

1971 போர்ப் படங்களில் நம் டி-55 டாங்கிக் குழலின் நடுவில் தடித்த வளையம் தெரிகிறது. சோவியத் டி-55-இல் அது நுனியில்தானே இருக்கும்? அடையாளம் காண்பதில் நம் பக்கம் வேறென்ன குழப்பம்?
– வாசகர், ஆவடி

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். டி-55-இன் 100 மி.மீ. குழலில் புகை வெளியேற்றும் உருளை நுனியிலேயே இருக்கும். நடுவில் இருப்பது போலி. பாகிஸ்தானிடம் இருந்த சீன வகை 59, டி-54-இன் வார்ப்பே. டி-55-க்கும் அதற்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. நம்மவரே நம்மவரைச் சுட்டுவிடாமல் இருக்கத்தான் அந்த வெற்று வளையத்தை மாட்டினார்கள். எனவே அந்தப் படங்களை வைத்து ‘குழல் மாற்றப்பட்டது’ என்று முடிவுகட்ட வேண்டாம். கிட்டத்தில் பார்க்க வாய்த்தால் டரெட்டின் மேற்பகுதியைப் பாருங்கள்: டி-54-இல் வலப்பக்கம் முன்னால் காளான் போன்ற காற்றுக் குமிழ் இருக்கும், டி-55-இல் இருக்காது.

டி-55, டி-62 குழப்பத்துக்குச் சக்கர இடைவெளி போதும். டி-54, டி-55, வகை 59 மூன்றிலும் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அகன்ற இடைவெளி. டி-62-இல் பின்பக்கம் 3-க்கும் 4-க்கும், 4-க்கும் 5-க்கும் நடுவே. 1965 போரில் பஞ்சாபின் அசல் உத்தாரில் அகப்பட்ட, பாகிஸ்தானின் அமெரிக்கத் தயாரிப்பு பேட்டன் டாங்கிகளிலும் இரண்டு வகை உண்டு: எம்-47-க்கு மேல் உருளை 3, தொடக்க கால எம்-48-க்கு 5. டரெட்டைப் பார்த்தால் எம்-47 குறுகி, பின்னால் நீண்டிருக்கும். எம்-48 ஆமை ஓடு போல உருண்டிருக்கும்.

உங்கள் ஊர்த் தொழிற்சாலையிலேயே கட்டிய டி-72-ஐச் சுற்றியும் மேற்குலகில் பல ஆண்டு பெயர்க் குழப்பம் இருந்தது. பெயர் தெரியாத சோவியத் வண்டிக்கு, முதலில் கண்ட ஆண்டைச் சேர்த்து ‘எம்-1970’ என்பதுபோல் எண் போடுவது அமெரிக்க வழக்கம். டி-64-உம் டி-72-உம் அந்தக் கோப்புகளில் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. 1977 நவம்பர் 7-ஆம் தேதி மாஸ்கோ அணிவகுப்பில் டி-72 வெளிப்படையாக வந்த பிறகும் உடனே தெளியவில்லை. பழைய அறிக்கையோடு படம் இருந்தால் மூன்று இடம் பாருங்கள். சக்கரம்: டி-64-இல் சிறியது, டி-72-இல் பெரியது. மேல் உருளை: டி-64-இல் 4, டி-72-இல் 3. குழலுக்குப் பக்கத்து அகச்சிவப்பு விளக்கு: வண்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்கு டி-64-இல் இடப்பக்கம், டி-72-இல் வலப்பக்கம். படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தால் விளக்கு உங்களை ஏமாற்றும். அப்போது உருளையை எண்ணுங்கள்.